‘ரிலிங்க்விஷ்’ என்றால் என்ன? கையெழுத்துக்கு முன் ஒரு சகோதரி கேட்ட கேள்வி

கொருக்குப்பேட்டையில் பிறந்து, திருமணத்துக்குப் பின் தண்டையார்பேட்டையில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தந்தை சென்னைத் துறைமுகத்தில் தொழிலாளியாக இருந்தவர். தம் சம்பளச் சேமிப்பில் கொருக்குப்பேட்டையில் கால் கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டினார். 2011-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். தந்தையைப் பெற்ற பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார். இப்போது தாயார், வாசகி, அவருடைய தம்பி, தங்கை ஆகிய நால்வர் இருக்கிறார்கள். தம்பியின் குடும்பமும் தாயாரும் அந்த வீட்டில் வசிக்கிறார்கள். மாடி எடுத்துக் கட்ட வங்கிக் கடன் வேண்டும் என்று தம்பி முயன்றபோது, வீடு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஆங்கிலத்தில் அடித்த மூன்று பக்க வரைவைக் கொண்டுவந்து, “இன்னாக்கா, ஒரே ஒரு கையெழுத்துதானே” என்று கேட்டிருக்கிறார்.

வாசகி தமிழ்வழியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். வரைவில் புரியாத சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பேத்தியிடம் பொருள் கேட்டிருக்கிறார். ‘ரிலிங்க்விஷ்’ என்ற சொல்லில்தான் இருவரும் நின்றுவிட்டார்கள். செல்பேசி அகராதி ‘விட்டுக்கொடு’ என்கிறது. செய்தித்தாளில் ஓர் அதிகாரி பொறுப்பை ‘ரிலிங்க்விஷ்’ செய்ததாகப் படித்த பேத்தி, அந்த அதிகாரியே பிறகு அதே பதவிக்குத் திரும்பிவந்ததையும் நினைவு வைத்திருக்கிறாள். அப்படியானால் இது தற்காலிகமாக விட்டுக்கொடுப்பதுதானா, கடன் அடைந்த பிறகு பங்கைத் திரும்பக் கேட்கலாமா என்பது முதல் கேள்வி. அதே வரியில் ‘இன்ட்ரஸ்ட்’ என்றும் இருக்கிறது; “நான் யாரிடமும் வட்டி வாங்கவில்லையே, அது ஏன் வந்தது” என்பது இரண்டாவது. தனக்கு 1986-இலேயே திருமணமாகிவிட்டதால் சட்டப்படி பங்கே கிடையாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இல்லாத பங்கை எழுதிக்கொடுப்பதால் என்ன நஷ்டம் என்பது மூன்றாவது. பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே முத்திரைத்தாளில் கையெழுத்திட்டால் அது செல்லாத காகிதம்தானே என்பது நான்காவது. எல்லாவற்றுக்கும் மேலாக, “தம்பியோடு மனக்கசப்பு வரக்கூடாது. ஆனால் இந்தச் சொல்லைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடவும் மனம் வரவில்லை” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொரு சொல்லாகப் பொருள் தேடிய உங்கள் பொறுமைக்கு முதலில் என் வணக்கம். பட்டம் பெற்றவர்களே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, “எங்கே போடணும்?” என்று கேட்கும் பத்திரங்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். நீங்கள் நின்ற இடம் சரியான இடம். அந்த மூன்று பக்கங்களில் கவனிக்க வேண்டிய வேறு சொற்களும் உண்டு; ஆனால் இந்த ஒரு வினைச்சொல்லில்தான் பத்திரமே நிற்கிறது.

அகராதியில் உள்ள பொருளும் பத்திரத்தில் உள்ள பொருளும்

அகராதி தவறாகச் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டது. தமிழில் ‘விட்டுக்கொடுத்தல்’ என்பது குணத்தைச் சொல்லும் சொல்லாகவும் இருக்கிறது. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்கிறோம், சண்டையில் விட்டுக்கொடுத்துப் போகிறோம். இதிலெல்லாம் இழப்பு சிறியது, நாளை நிலைமை மாறலாம். ‘ரிலிங்க்விஷ்’ அப்படி இலேசான சொல் அன்று. தன் கையில் இருந்த உரிமையையோ, பொறுப்பையோ, பிடியையோ தானே முன்வந்து விட்டு விலகுவது என்பதே அதன் பொருள். லத்தீன் மொழியில் ‘பின்னே விட்டுச் செல்லுதல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. உரியவர் கைவிட்டுப்போன கப்பலைக் குறிக்கும் ‘டெரெலிக்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த உங்கள் தந்தையின் காதில் அது விழுந்திருக்கவும் கூடும். உச்சரிக்கும்போது நடுவில் உள்ள ‘லிங்’ என்ற அசையில் அழுத்தம் கொடுக்க வேண்டும். பெயர்ச்சொல் ‘ரிலிங்க்விஷ்மென்ட்’.

இந்தச் சொல்லைக் கற்க ஒரு வழி சொல்கிறேன், பேத்திக்கும் பயன்படும். இது செயப்படுபொருள் இல்லாமல் நிற்காத வினை. எதை விடுகிறார் என்பது அடுத்தே வர வேண்டும். யாருக்காக விடுகிறார் என்பது ‘இன் ஃபேவர் ஆஃப்’ என்ற தொடருக்குப் பின் வரும். எப்படி விடுகிறார் என்பதைச் சொல்லும் அடைமொழிகள் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் எதை, யாருக்கு, எப்படி என்று மூன்றையும் தேடுங்கள். நீங்கள் நகலெடுத்து அனுப்பிய வரியில் எதை என்பதற்கு ‘ஆல் ஹர் ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்’ என்று இருக்கிறது, அதாவது உங்களுக்குள்ள உரிமை அனைத்தும். யாருக்கு என்றால் தம்பி ஒருவருக்கு மட்டும். தாயாரோ தங்கையோ அதில் இல்லை. எப்படி என்றால் ‘அப்சல்யூட்லி அண்ட் ஃபாரெவர்’: முழுமையாக, என்றென்றைக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்த பிறகு, தற்காலிகம் என்று நினைக்க அந்த வரியில் இடமே இல்லை.

பேத்தி சொன்ன உதாரணம் நல்ல உதாரணம். அதிலிருந்து அவள் வந்த முடிவு மட்டும்தான் பிசகு. அதிகாரி பொறுப்பை விட்ட நிமிடமே அந்த நாற்காலியின் மீது அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பிறகு அதே இடத்துக்கு அவர் வந்தாரென்றால் அரசு புதிதாக ஓர் ஆணை போட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் விஷயத்திலும் அப்படித்தான். எழுதிக்கொடுத்த பங்கு உங்களிடம் திரும்ப வர வேண்டுமானால் தம்பி தம் விருப்பத்தோடு புதிதாக ஒரு பத்திரம் எழுதிப் பதிந்து தர வேண்டும். கடன் அடைந்துவிட்டது என்பதால் அது தானாகத் திரும்பாது. தம்பிக்குப் பின் அவருடைய வாரிசுகள் தர மறுத்தால் நீங்கள் காட்டுவதற்குக் காகிதமும் இருக்காது.

இதே குடும்பத்துச் சொற்கள் சிலவற்றோடு ஒப்பிட்டால் எடை இன்னும் தெளிவாகும். வங்கி அபராத வட்டியை ‘வெய்வ்’ செய்தால் அந்த ஒரு தொகையைக் கேட்காமல் விடுகிறது, கடன் அப்படியே நிற்கிறது. அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை ‘சரண்டர்’ செய்கிறார், வாடகைதாரர் வீட்டை உரிமையாளரிடம் ‘சரண்டர்’ செய்கிறார். கொடுத்தவரிடமே திருப்பி ஒப்படைப்பது அது. சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிட்டுப் போவது ‘அபாண்டன்’. குடியுரிமையை முறைப்படி அறிவித்துத் துறப்பது ‘ரினவுன்ஸ்’. இவற்றில் உங்களுக்கு முக்கியமானது ‘வெய்வ்’. ‘தெரிந்த ஓர் உரிமையை மனமறிந்து ரிலிங்க்விஷ் செய்வது’ என்றே நம் நீதிமன்றங்கள் அதற்கு இலக்கணம் சொல்லிவருகின்றன. தெரிந்த, மனமறிந்து என்ற இரண்டு நிபந்தனைகளையும் கவனியுங்கள். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்த வினை வருகிறது: வழக்குப் போடுபவர் தம் கோரிக்கையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே ‘ரிலிங்க்விஷ்’ செய்தால், பின்னாளில் அந்தப் பகுதிக்காகத் தனியே வழக்குப் போட முடியாது. சட்டம் இந்தச் சொல்லைக் கையாளும் இடங்களில் திரும்பிவரும் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

‘இன்ட்ரஸ்ட்’ இங்கே வட்டி இல்லை. ஒரு சொத்தின் மீது ஒருவருக்கு உள்ள உரிமைத் தொடர்பு, பாத்தியம் என்பதே பொருள். ஆங்கிலப் பத்திரங்களில் ‘ரைட், டைட்டில், இன்ட்ரஸ்ட்’ மூன்றும் சேர்ந்தே வரும். ஒரு சொல்லில் தப்பியது இன்னொன்றில் அகப்படட்டும் என்பதற்காக அடுக்குவார்கள். நம் பழைய தமிழ்ப் பத்திரங்களில் ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்’ என்று எழுதுவதும் அதே வழக்கம்தான். உங்கள் தந்தையின் கிரயப் பத்திரத்தில் தேடினால் அநேகமாக இந்த வரி கிடைக்கும்.

இன்னொரு சொல்லையும் உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘கன்சிடரேஷன்’. பேச்சு ஆங்கிலத்தில் அது பரிவு, யோசனை. பத்திரத்தில் அது பிரதிபலன், அதாவது நீங்கள் விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பெறுவது. உங்கள் வரைவில் ‘ரூபாய்’ என்று எழுதி, எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டு, அதைப் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்வதாக அடித்திருக்கிறார்கள். இந்தக் காலியிடம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. தம்பி தீய எண்ணத்தோடு விட்டார் என்று நான் சொல்லவில்லை. வரைவு எழுதுபவர்கள் பழைய மாதிரியை நகலெடுக்கும்போது இப்படி நிகழ்வது சாதாரணம். ஆனால் காலியிடத்துக்குக் கீழே நீங்கள் கையெழுத்திட்டால், பின்னர் அதில் எந்த எண் நிரப்பப்பட்டாலும் அதை வாங்கிக்கொண்டதாக நீங்கள் எழுதிக்கொடுத்தவர் ஆவீர்கள். பணம் பெறாமல் பாசத்தின் பேரில் தருவதானால் அப்படியே எழுதலாம்; நெருங்கிய உறவினருக்குள் அன்பின் பேரில் எழுத்தில் பதிவு செய்து தருவதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏற்கிறது. உண்மை எதுவோ அது பத்திரத்தில் இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பங்கு இருக்கிறது

உறவினர்கள் இரண்டு சட்டங்களைக் கலந்துவிட்டார்கள். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் உரிமை தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை என்பது உண்மை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தத் திருமண வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனால் இந்த விவாதம் உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் வீடு தந்தை தம் உழைப்பில் வாங்கிய தனிச் சொத்து. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள் ஒவ்வொருவருக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்கு எந்த ஆண்டு திருமணமானது, எத்தனை சவரன் போட்டார்கள், சீர் என்ன செய்தார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பாகம் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை மகள்கள் பாகம் கேட்க முடியாது என்ற ஒரு பழைய தடை இருந்தது. அந்தப் பிரிவும் 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது. (வாரிசுரிமை மதத்துக்கு மதம் மாறும். கடிதத்தின்படி நீங்கள் இந்துக் குடும்பம் என்பதால் இதைச் சொல்கிறேன். கிறிஸ்தவ, முஸ்லிம் வாசகர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.)

ஆக, நால்வருக்கும் நான்கில் ஒரு பங்கு. கால் கிரவுண்டு என்பது 600 சதுர அடி. உங்கள் பங்கு மனையில் 150 சதுர அடிக்குச் சமம். கட்டடத்திலும் அதே விகிதம். தாயார் காலத்துக்குப் பின், அவரும் உயில் எழுதாதிருந்தால், அவருடைய கால் பங்கு பிள்ளைகள் மூவருக்கும் பிரியும்; அப்போது உங்கள் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்றாகும். வரைவில் ‘இப்போதுள்ளதும் இனி வரக்கூடியதுமான’ உரிமைகளையும் விடுவதாக இருப்பது இதைக் குறிவைத்துத்தான். தாயார் உயிரோடிருக்கும்போது அவர் பங்கின் மீது உங்களுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. வெறும் எதிர்பார்ப்பை மாற்றிக்கொடுக்க முடியாது என்று 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஆயினும் பணம் பெற்றுக்கொண்டு இப்படி எழுதிக்கொடுத்தவர், பின்னாளில் பங்கு கேட்டு வரும்போது நீதிமன்றம் அவரைத் தடுத்த வழக்குகளும் உண்டு. அந்தத் தொடரை அடித்துவிடச் சொல்லுங்கள். தாயார் நலமாக இருக்கும்போது அவருடைய பங்கைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிக்கொள்வது எனக்கு அழகாகவும் படவில்லை.

தம்பி இத்தனை ஆண்டுகள் அங்கேயே வசித்து வரி கட்டியதால் உங்கள் உரிமை போய்விட்டதோ என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோர் சார்பிலானது என்றே சட்டம் கொள்கிறது. உங்களுக்குப் பங்கே இல்லையென்று உங்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால்தான் சிக்கல் வரும். உங்களிடம் கையெழுத்து கேட்டு வந்திருப்பதே உங்கள் உரிமையை அவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதற்கு அடையாளம்.

வீட்டில் போடும் கையெழுத்தும் கையெழுத்துதான்

இதில் நீங்கள் எண்ணியிருப்பது பாதிதான் சரி. அசையாச் சொத்தின் மீதான உரிமையை விடும் ஆவணம் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதியப்பட வேண்டும். பதியாத வரை பங்கு கைமாறாது. ஆனால் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். நீங்கள் சார்பதிவாளர் முன் வந்து ‘நான் எழுதிக்கொடுக்கவில்லை’ என்று மறுத்தால் அவர் பதிவை மறுப்பார். அதன் பிறகு எதிர்த்தரப்பு முப்பது நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மனுச் செய்தால், கையெழுத்து உங்களுடையதுதானா, ஆவணத்தை எழுதிக்கொடுத்தீர்களா என்று விசாரணை நடக்கும். சொல்லின் பொருள் தெரியாமல் போட்டேன் என்ற உங்கள் வேதனையை எடைபோடும் இடம் அதுவன்று. ‘சும்மா ஒரு காகிதம்தானே’ என்று எதிலும் கையெழுத்திட வேண்டாம். பொது அதிகாரப் பத்திரம் என்று வேறு வடிவில் கேட்டாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதிவான பிறகு ஏமாற்றப்பட்டேன் என்று வழக்குப் போட முடியாதா என்றால், முடியும். வஞ்சனை, பொய்யுரை, தகாத செல்வாக்கு ஆகியவற்றால் பெறப்பட்ட சம்மதத்தை ரத்து செய்யக் கோரலாம். உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டு அவகாசம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அப்போது உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படுவது வரைவின் கடைசி வரியாக இருக்கும். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இந்த ஆவணத்தின் உள்ளடக்கம் எழுதிக்கொடுப்பவருக்குத் தமிழில் படித்து விளக்கப்பட்டு, அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று அது சொல்கிறது. இதுவரை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த வரி உண்மையான பிறகே அதன் கீழ் உங்கள் பெயர் வர வேண்டும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

கையெழுத்திடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தாயாரைத் தம்பி பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உடன் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதையும், கடற்கரை ஓரத்து ஈரத்தில் கூரைக் கம்பிகள் துருப்பிடித்துக் காரை பெயர்வதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்து, விரும்பி, உடன்பிறந்தவனுக்குத் தருவது உங்கள் உரிமை. அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. தெரியாமல் தருவதைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன்.

முதல் வழி, உங்கள் பங்குக்கு ஒரு தொகை பேசி, அதை வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுப்பது. அந்தத் தெருவில் சந்தை விலை என்ன, அரசின் வழிகாட்டி மதிப்பு என்ன என்று இரண்டையும் பார்த்துப் பேசுங்கள். தம்பியால் முழுத்தொகை இப்போது முடியாது என்றால், குறைத்துக்கொள்வதும் தவணை தருவதும் உங்கள் மனம். எதுவானாலும் பத்திரத்தில் ஏற வேண்டும். வாய்மொழியாக ‘அப்புறம் தரேன்’ என்பதற்குப் பத்திரத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது, பங்கைத் தந்துவிட்டு, தாயாரின் இருப்பை உறுதி செய்வது. தாயார் தம் ஆயுள் காலம் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, அவர் சம்மதமின்றி விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஆகியவற்றைத் தகுந்த ஆவணத்தில் எழுதலாம். தாயாரும் கையெழுத்திடப் போகிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வீடு தம்பி ஒருவர் பெயருக்கே வர வேண்டும் என்றால் அவருடைய கையெழுத்தும் தேவைப்படும். அவருக்கும் இதே சொல்லை யாராவது விளக்கியிருக்கிறார்களா? உங்கள் பங்கைவிட எனக்கு அவருடைய பங்கைப் பற்றியே கவலை அதிகம். வயதான காலத்தில் தம் பெயரில் ஒரு சதுர அடியாவது இருப்பது அவருக்குப் பெரிய பலம்.

மூன்றாவது, உரிமையை விடாமல் கடனுக்கு மட்டும் உதவுவது. எல்லா வாரிசுகளும் சேர்ந்து அடமானத்தில் கையெழுத்திடச் சில வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன. இதில் பங்கு உங்களிடமே இருக்கும், ஆனால் அது அடமானத்தில் இருக்கும். தவணை தவறினால் அறுபது நாள் நோட்டீஸுக்குப் பின் வங்கி சொத்தின் மீது நடவடிக்கை எடுக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஜாமீன்தாரராகவும் கையெழுத்திடச் சொன்னால் இன்னும் யோசிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது.

பாகப்பிரிவினை என்ற நான்காவது வழி காகிதத்தில் உண்டு. 600 சதுர அடியை நான்காக வெட்டி யாரும் வாழ முடியாது. நீதிமன்றம் போனால் விற்றுப் பங்கிடச் சொல்லும் நிலை வரலாம். தாயார் இருக்கும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுதிக்கொடுப்பதென்று முடிவு செய்தால்

வரைவைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘விடுதலைப் பத்திரம்’ என்ற பெயரில் நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் அன்றாடம் தமிழிலேயே பதிவாகும் ஆவணம் இது; ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வங்கிக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். தமிழ் வரைவில் எதை, யாருக்கு, எப்படி என்ற மூன்றும் சந்தேகமின்றி இருக்கிறதா என்று பாருங்கள். சொத்து விவரத்தில் அந்த ஒரு வீடு மட்டும்தான் இருக்க வேண்டும்; ‘மற்றும் தந்தை விட்டுச்சென்ற சகல சொத்துக்களும்’ என்று இருந்தால் அடித்துவிடுங்கள். ‘இன்டெம்னிஃபை’ என்றொரு சொல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வேறு யாராவது உங்கள் வழியில் பாத்தியம் கேட்டு வந்தால் தம்பிக்கு நேரும் நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்டுவதாக அது சொல்கிறது. நீங்கள் உங்கள் பங்கை யாருக்கும் அடமானம் வைக்கவில்லை என்ற உறுதிமொழியாக மட்டும் அதைச் சுருக்கினால் போதும்.

செலவைப் பற்றித் தம்பி கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. பதியும் நாளில் உள்ள விகிதத்தை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். எழுதி வாங்குபவர் அவர் என்பதால் செலவும் அவருடையது.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நீங்கள் அதிகம் தயங்குகிறீர்கள். ‘தர மாட்டேன்’ என்று தொடங்க வேண்டாம். ‘படித்துவிட்டுப் போடுகிறேன், தமிழில் எழுதிக் கொண்டு வா, அம்மாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லோரும் படிப்போம்’ என்று சொல்லுங்கள். கடனுக்கு அவசரம் என்றால், தமிழ் வரைவு தயாராக ஒரு நாள் போதும். தங்கையிடம் நீங்களே முதலில் பேசுங்கள். அவரிடமும் இதே மூன்று பக்கங்கள் போயிருக்கும், அவர் திருவொற்றியூரில் தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.

வரைவை ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. உயர் நீதிமன்ற வளாகம் உங்களுக்கு அருகில்தான். அங்கே உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். போகும்போது ஆங்கில வரைவு, தந்தையின் கிரயப் பத்திர நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, சமீபத்திய வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அந்த வேலையைப் பேத்தி செய்துவிடுவாள். அதில் வீடு இன்னும் தந்தையின் பெயரில்தான் நிற்கிறதா, இடையில் வேறு பதிவு ஏதும் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏறியிருந்தால் எதிலும் கையெழுத்திடாமல், அந்த ஆவணத்தின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள்.